சமையல்கட்டுப் பொருத்தம்

வெப்சைட்டின் நெற்றியில் பிள்ளையார் இருக்க வேண்டும், பிள்ளையாருக்குப் பக்கத்தில் தான் இருக்க வேண்டும், இருவரில் யார் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதில் தனக்கு எந்தப் பிடிவாதமும் இல்லை என்று தணிகாசலம் சொன்னார். முகிலன் இருவரையும் ஒரே அளவில் வைத்தான். மறுநாள் தணிகாசலம் போன் செய்து, பிள்ளையாரைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னார்.

தணிகாசலம் மடிப்பாக்கத்தில் வீட்டு புரோக்கர். புரோக்கர் என்றால் கோபித்துக்கொள்வார். ரியல் எஸ்டேட் ஆலோசகர் என்று சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்புக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பின்னால் ஏசி, ஏசிக்கு நேர் கீழே அவர். கறுப்புக் கண்ணாடியை அறைக்குள்ளும் கழற்றாதவர். ஏரிக்குள் இருக்கும் மனையை ஏரிக்கரை மனை என்று விற்றுவிட்டு, மழைக்காலத்தில் வாங்கியவர் போன் செய்தால், "தண்ணி வசதி இருக்குன்னு அப்பவே சொன்னேனே சார்" என்று சொல்லக்கூடியவர்.

முகிலன் இன்ஜினியரிங் கல்லூரியில் கடைசி வருஷம். வெப்சைட் கட்ட அவன் காசு கேட்கவில்லை. அக்காவுக்கு ஒரு வீடு கேட்டான்.

அக்கா தமயந்தி, வேளச்சேரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் வேதாரண்யம். கணவர் தோஹாவில். அவள் குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள், கோடை முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். வீடு தேடி அவள் நடந்த நடையில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்துபோயிருந்தது. முன்பெல்லாம் வீட்டுக்காரர்கள் வாசலிலேயே, "நீங்க என்ன ஆளுங்க, சாப்பாடெல்லாம் எப்படி" என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். போன வருஷம் சட்டம் வந்தது: வாடகைக்கு வருபவரிடம் சாதியும் கேட்கக் கூடாது, சாப்பாடும் கேட்கக் கூடாது, மீறினால் வழக்கு. அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. "ஊர்லருந்து மச்சினன் வர்றான்மா, அவனுக்குக் குடுக்கறதா சொல்லிட்டோம்" என்பார்கள். தமயந்தியின் கணக்குப்படி சென்னையில் காலியாக இருக்கும் எல்லா வீட்டுக்கும் ஊரிலிருந்து மச்சினன்கள் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"வெப்சைட்ட முடி தம்பி. உங்க அக்காவுக்கு வீடு என் பொறுப்பு" என்றார் தணிகாசலம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தப் போன்ல மூக்கு இருக்குல்ல. அத நம்ம சைட்டுக்குள்ள இழுக்க முடியுமா?"

மூக்கு என்பது போனின் முதுகில் கடுகு அளவில் இருக்கும் ஓட்டை. முதலில் அது பால் கெட்டுவிட்டதா, கேஸ் கசிகிறதா என்று சொல்ல வந்தது. பிறகு சர்க்கரை கூடியிருக்கிறதா என்று வாயை மோந்து சொன்னது. அப்புறம் எல்லா ஆப்பும் மூக்கைக் கேட்க ஆரம்பித்தன. ராசிபலன் பார்க்க வேண்டுமா, மூக்கைக் கொடு. ஜோக் படிக்க வேண்டுமா, மூக்கைக் கொடு. ஜனங்களும் படித்துப் பார்க்காமல் 'சம்மதம்' என்று அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"முடியும் சார். எதுக்கு?"

"வீட்டுக்காரங்க கேள்வி கேட்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டான். சரி, கேட்கல. மோந்து பார்க்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கானா?"

கல்லூரிப் பட்டிமன்றத்துக்காக முகிலன் அந்தச் சட்டத்தை முழுதாகப் படித்திருந்தான். எழுதியிருக்கவில்லை.

"இல்ல சார்."

"அப்புறமென்ன? வீட்டுக்காரர் சமையல்கட்டுல ஒரு போனை வைக்கறோம். அந்த வீட்டு வாசனைய அது படிச்சுக்குது. வீடு தேடறவன் அவன் வீட்டுல உக்காந்து நம்ம சைட்டைத் திறக்கறான். அவன் போன் அவன் வீட்ட மோந்துக்குது. ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா வீடு காட்டு. ஒத்துப் போகலைன்னா, இப்போதைக்கு வீடு எதுவும் காலி இல்லன்னு மரியாதையா ஒரு வரி போடு. ஜாதகத்துல பொருத்தம் பார்க்கறோம்ல, அந்த மாதிரி."

"அது தப்பில்லையா சார்?"

"யாருக்குத் தம்பி தப்பு? வேணாம்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா சொன்னாத்தானே மனசு வலிக்கும்? இங்க யாருமே சொல்லலையே. அவனுக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. இதுதான் நாகரிகம்."

"எங்க அக்காவும் மீன் சாப்பிடறவங்கதான் சார்."

"வெப்சைட்டு ஊருக்கு. உங்க அக்காவுக்கு நான் இருக்கேன்."

மெஸ் சாம்பாரில் தலைமுடி வந்தால் தொண்டைக்குள் ஒன்று புரளுமே, அது புரண்டது முகிலனுக்கு. குமட்டிக்கொண்டேதான் அதைக் கட்டினேன் என்று பின்னால் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கட்டும்போது ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை. 'தற்போது வீடுகள் எதுவும் காலியில்லை. தங்கள் வருகைக்கு நன்றி' என்ற வரியை அவனே எழுதினான். கீழே கை கூப்பிய படம் ஒன்றையும் வைத்தான். படம் நன்றாக வந்திருந்தது.

எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு சைவ மாதிரியை வைத்துவிடலாம், ஏதாவது ஒரு நல்ல சைவ ஓட்டல் சமையல்கட்டு போதும் என்று முகிலன் யோசனை சொன்னான். வீட்டுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். தங்கள் ஆசாரத்தை ஒரு ஓட்டல்காரனை வைத்தா அளப்பது? அவரவர் சமையல்கட்டுதான் அவரவர் அளவுகோல் என்று ஒரே பிடியாக நின்றார்கள். அதிலும் சிவப்பிரகாசம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "என் வீட்டு அடுப்புல முட்டை நிழல் பட்டதில்ல. அதுலருந்து இம்மி பிசகக் கூடாது."

சிவப்பிரகாசம் பெரிய அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி. 'சிவகிருபா' என்று நான்கு மாடிக் கட்டடம் அவருக்குச் சொந்தம். தரைத்தளத்தில் அவர், மேலே எல்லாம் வாடகை. 'அசைவம் சமைப்பவர் அணுக வேண்டாம்' என்று முன்பு வாசலில் பலகை இருந்தது. சட்டம் வந்த பிறகு அதைத் திருப்பி மாட்டி, பின்பக்கத்தில் 'அமைதி விரும்புவோர் மட்டும்' என்று எழுதியிருந்தார்.

அவர் வீட்டு சமையல்கட்டில் முகிலன் போனைப் பெருங்காய டப்பாவுக்கும் புளி ஜாடிக்கும் நடுவில் சாய்த்து வைத்தான். அவர் மனைவி பர்வதம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இது எத்தன நாளு இங்க இருக்கும் தம்பி?"

"ஒரு வாரம்மா."

"நாம சமைக்கறப்ப மட்டும் மோந்துக்குமா?"

"எப்பவும் மோந்துக்கும்மா. சுவத்துல ஊறினதக் கூட எடுத்துடும்."

பர்வதம்மா காய்ந்திருந்த கையை மறுபடி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "சாம்பிராணி போட்டா?" என்றார்.

"சாம்பிராணின்னு சொல்லும். அதுக்குக் கீழ என்ன இருக்குன்னும் சொல்லும்."

வெப்சைட் திறப்பு விழா ராகு காலம் கழித்து நடந்தது. லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். வைஃபை பெட்டிக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க முடியாததால், பக்கத்தில் வைத்து நசுக்கினார்கள். விளம்பரத்துக்கு முகிலன் ரீல்ஸ் எடுத்தான்: தணிகாசலம் கறுப்புக் கண்ணாடியோடு யாருடையதோ ஒரு பங்களாவிலிருந்து மெதுவாக இறங்கி வருகிறார், திரும்பிப் பார்க்கிறார், 'கேள்வி கேட்காத புரோக்கர்' என்று எழுத்து விழுகிறது. தணிகாசலத்தின் மச்சினன்கள் ஆளுக்கு மூன்று பெயரில் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். ஒரு மச்சினன் ஆர்வக் கோளாறில், வீட்டைத் தவிர மனைவியையும் இங்கேதான் கண்டுபிடித்தேன் என்று எழுதிவிட, அதை மட்டும் நீக்க வேண்டியிருந்தது. மற்றபடி பெரிய வெற்றி. ஒரு கேள்வியும் கேட்காமல் வீடா என்று ஊரே உள்ளே வந்து எட்டிப் பார்த்தது. சம்மதம், சம்மதம் என்று அமுக்கியது.

அன்றைக்குச் சாயங்காலமே தமயந்தி போன் செய்தாள்.

"டேய், உன் வெப்சைட்டத் திறந்தேன்டா. பக்கம் பக்கமா வீடு வருது. எல்லாம் ஆஸ்பத்திரி பக்கமே. மடிப்பாக்கத்துல சிவகிருபான்னு ஒரு வீடு, தொண்ணூறு பொருத்தமாம். நாளைக்குப் போய்ப் பார்க்கறேன்."

முகிலனுக்கு முதலில் தோன்றியது தன் நிரலில் ஓட்டை என்றுதான். அக்கா வீட்டு சமையல்கட்டில் வாரத்தில் பாதி நாள் கருவாடு வறுபடும். அந்தப் போனில் 'காலியில்லை' என்றுதான் வந்திருக்க வேண்டும்.

"என்னடா பேச்சக் காணோம்?"

"ஒண்ணுமில்லக்கா. போய்ப் பாரு" என்றான்.

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தணிகாசலம் கூப்பிட்டார். குரலில் ஏசி இல்லை.

"என்னடா கட்டி வச்சிருக்க? சிவப்பிரகாசம் ஐயா வீட்டுக்குக் காலைலருந்து யார் யாரு வந்திருக்கான்னு தெரியுமா? காசிமேட்டுலருந்து ஒரு குடும்பம். மீன் சாப்பாடு மெஸ் நடத்தறவர் ஒருத்தர். அப்புறம் உங்க அக்கா. அந்தப் பக்கம் ஒரு குருக்கள் போன் பண்ணி அழறாரு. நாலு தலைமுறையா வெங்காயம் சேர்க்காத குடும்பமாம், உங்க சைட்டுல எனக்கு ஒரு குளியலறை கூடக் காட்டலையேங்கறாரு. உடனே வா."

முகிலன் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்தான். ஒரு மணி நேரம் பார்த்தான். நிரலில் ஓட்டை இல்லை. கடைசியில் சிவப்பிரகாசம் வீட்டு மாதிரியை எடுத்துப் பிரித்தான். தணிகாசலம் தலைக்கு மேலே நின்றார்.

"என்ன போட்டிருக்கு?"

"பெருங்காயம், கறிவேப்பிலை, நெய், விபூதி. மேல சாம்பிராணி, நிறைய."

"அதான் தெரியுமே."

"அதுக்குக் கீழ நெத்திலிக் கருவாடு சார். நல்லெண்ணெய்ல மொறுமொறுன்னு வறுத்தது. ஒரு நாள் இல்ல, வாரம் பூரா."

தணிகாசலம் ஏசியைக் கூட்டி வைத்தார்.

"மெஷின் தப்பா சொல்லுது" என்றார் தணிகாசலம்.

"பாலு கெட்டதச் சரியாத்தானே சார் சொல்லுது."

தணிகாசலம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முகிலன் அவர் கண்களை அன்றைக்குத்தான் பார்த்தான். அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு ரொம்பச் சின்னக் கண்கள். "மத்த ஓனருங்க மாதிரியையும் திற" என்றார்.

திறந்தான். கோயில் கும்பாபிஷேகக் கமிட்டித் தலைவர் வீட்டில் ஆட்டுக்கால். யோகா வகுப்பு நடத்துபவர் வீட்டில் இறால், அதுவும் பூண்டோடு. பசுமடம் வைத்திருந்தவர் வீட்டு மாதிரியை இருவரும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூடினார்கள்.

"நெசமாவே சைவம் யாருமே இல்லையா தம்பி?"

"மூணு பேர் இருக்காங்க சார், அவங்க வீடு நேத்தே போயிடுச்சு. அதுல ஒருத்தர் வீட்டுல அடுப்பே பத்த வைக்கறதில்ல போல. வெறும் பார்சல் கவர் வாசனை."

முகிலன் சிரித்திருக்க வேண்டும். நான்கு நாள் கல்லூரி கேண்டீனில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கக்கூடிய சரக்கு அது. சிரிப்பு வரவில்லை. அக்காவின் தேய்ந்த செருப்புதான் ஞாபகம் வந்தது.

அன்று மாலையே இருவரும் சிவகிருபாவுக்குப் போனார்கள். போனைத் திரும்ப எடுக்க என்று சொல்லிக்கொண்டு முகிலன் சமையல்கட்டுக்குள் போனான். பர்வதம்மா அவனுக்காகவே காத்திருந்தது போல் கதவை ஒருக்களித்தார்.

"அது சொல்லிடுச்சா தம்பி?"

அவன் தலையாட்டினான்.

"எனக்கில்லப்பா. அவருக்கு. ராமநாதபுரத்துல உத்தியோகம் பார்த்தப்ப வந்த பழக்கம். எனக்கு அந்த வாடையே ஆகாது. கல்யாணமான நாள்லருந்து மூக்கைப் பொத்திக்கிட்டு வறுத்துக் குடுத்துட்டிருக்கேன். அவரு சாப்பிட்டுட்டு, சாம்பிராணி போடுன்னு சொல்லிட்டு, விபூதி பூசிக்கிட்டு வாசல்ல போய் உட்கார்ந்துடுவாரு." சொல்லிவிட்டு வெறும் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார். "மெஷினு ரிப்பேர்னு சொல்லிடேன். வெளிய தெரிஞ்சா அவரு என்னைத்தான் சொல்லுவாரு, இவளுக்குத்தான் பழக்கம்னு."

கூடத்தில் தணிகாசலம் பேச ஆரம்பித்திருந்தார். முகிலன் வந்து ஓரமாக நின்றான்.

"ஐயா, மெஷின் தப்பில்ல. கட்டடத்துல ஏதோ ஒரு வாடை இருக்கு. உங்க வீட்டுலருந்து வராது. அது எனக்குத் தெரியும்."

"வரவே வராது" என்றார் சிவப்பிரகாசம்.

"அப்ப வேற வீட்டுலருந்துதான் வரணும். ஆனா மேல இருக்கறவங்க எல்லாருமே சைவம். அதான் சிக்கல். இப்ப ஜனங்க எல்லார் போன்லயும் மூக்கு இருக்கு. நாளைக்கு எவனாவது, எங்கருந்துய்யா வருதுன்னு கேட்டுட்டா, கையக் காட்ட ஒரு கதவு வேணுமில்ல?"

சிவப்பிரகாசம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். மின்விசிறியில் அவருக்குத் தேவையானது இருந்திருக்க வேண்டும்.

"காலைல ஒரு நர்ஸம்மா வந்துது" என்றார் கடைசியில். "நல்ல குடும்பமாத்தான் தெரிஞ்சுது."

"ரொம்ப நல்ல குடும்பம் ஐயா" என்றார் தணிகாசலம், முகிலனைப் பார்க்காமல்.

இரண்டு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். கருவாடு என்ற வார்த்தை ஒரு முறைகூட வரவில்லை. முகிலன் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்காவுக்கு வீடு இல்லை, பர்வதம்மாவுக்கும் மானம் இல்லை. சொல்லாவிட்டால் அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு வீடு. அவன் வாயைத் திறந்தது, பர்வதம்மா கொண்டுவந்த காபியைக் குடிக்க.

தமயந்தி இரண்டாவது மாடியில் பால் காய்ச்சினாள். ஜன்னலைத் திறந்து எதிரே தெரிந்த வேப்ப மரத்தைப் பார்த்தாள். அவளுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியாடா, காலம் மாறிப்போச்சு. அவரு ஒரு கேள்வி கேக்கலடா. தமயந்தியாம்மா, வாங்கன்னு சொல்லிச் சாவியக் கையில குடுத்தாரு."

"ம்."

"நானும் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். இந்த வீட்டுல மீன், கருவாடு எதுவும் சமைக்கப் போறதில்ல. தேவைன்னா கேண்டீன்ல சாப்பிட்டுக்கறேன். அவங்க நம்மள மதிச்சுக் குடுத்திருக்காங்க. நாமளும் மதிக்கணும்ல?"

முகிலன் கையில் இருந்த பாலைக் கீழே வைத்தான். அதில் ஆடை படிந்திருந்தது.

வெப்சைட்டில் புதிதாக ஒரு பக்கம் வந்தது. தணிகாசலம் அதற்குத் 'திறந்த மனது' என்று பெயர் வைத்தார். கட்டடத்துக்கு ஒரு வீடு, அசைவம் சமைப்பவருக்கு மட்டும். அதில் இடம் பிடிக்கக் கமிட்டித் தலைவரும் யோகா வாத்தியாரும் பசுமடக்காரரும் வரிசையில் நின்றார்கள். பேச்சிலர் ஆனாலும் பரவாயில்லை, தினமும் சமைப்பாரா என்று மட்டும் கேட்டார்கள். ஒரு சங்கம் தணிகாசலத்தைக் கூப்பிட்டு, சமூக நல்லிணக்கத்துக்காகப் பொன்னாடை போர்த்தியது. மேடையிலிருந்து இறங்கியவர் பொன்னாடையை மடித்துக்கொண்டே முகிலனிடம், "நாமளும் ஒதுக்கீடு குடுக்கறோம்ல தம்பி" என்றார். சீரியசாகத்தான் சொன்னார்.

சிவகிருபாவில் முதல் கூச்சல் குடிபோன இரண்டாவது வாரம் நடந்தது. தமயந்தி டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சிவப்பிரகாசம் மாடிப்படியில் நின்றார். துண்டால் மூக்கை மூடியிருந்தார். எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"ஏதோ நல்ல மனசுல குடுத்தேன். அதுக்காகக் கட்டடமே நாறணுமா? குடும்பஸ்தங்க இருக்கற எடம்மா இது."

"ஐயா, நான் இப்பத்தான் வர்றேன். அடுப்பே பத்த வைக்கல."

"நான் பொய் சொல்றேனா?"

கதவுகள் திறந்தன. பார்த்தன. மூடின.

அன்றைக்குத் தமயந்தி எல்லாப் பாத்திரத்தையும் புளி போட்டுத் தேய்த்தாள். பழைய வீட்டு வாடை துணியில் ஏறி வந்திருக்குமோ என்று பீரோவைக் காலி செய்து, புடவை எல்லாவற்றையும் மறுபடி துவைத்தாள். அடுத்த வாரமும் அவர் படியேறினார். அதற்கடுத்த வாரமும் ஏறினார். முகிலன் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் ஊதுவத்தி புகை நிற்கும். அக்கா தன் புறங்கையை மோந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "என்கிட்டத்தான்டா ஏதோ இருக்கு" என்பாள். அவன் செமஸ்டர் பரீட்சையைப் பற்றிப் பேசுவான்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூன்றாவது மாடியில் ஆடிட்டர் ஒருவர் குடியிருந்தார். நியாயஸ்தர், எதையும் சரிபார்க்காமல் நம்ப மாட்டார். ஒருநாள் போன் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாக மோந்துகொண்டே படியிறங்கினார். இரண்டாவது மாடிக் கதவு முன் போன் சும்மா இருந்தது. தரைத்தளத்துக்கு வந்ததும் கத்தியது. ஆடிட்டர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து சிவப்பிரகாசத்தைப் பார்த்தால் வணக்கம் சொல்வதற்கு முன் லேசாக மூச்சை இழுத்துப் பார்த்தார்.

தணிகாசலம் முகிலனை அலுவலகத்துக்கு அழைத்தார். ஜூஸ் வாங்கி வைத்திருந்தார்.

"தம்பி, உங்க அக்கா வீட்டுல என்ன சமைக்கறாங்க?"

"சாம்பார் சார்."

"தெனமுமா?"

"சில நாள் ரசம்."

தணிகாசலம் ஜூஸை அவன் பக்கம் நகர்த்தினார். "அங்கதான் பிரச்சினை. ஐயா ரொம்ப வருத்தப்படறாரு. எதை நம்பி வீடு குடுத்தாரோ அத அவங்க செய்யல. வெள்ளி, செவ்வாய் வேணாம். மத்த நாள்ல ஒரு கை நெத்திலி வறுக்கச் சொல்லு. ஜன்னலத் திறந்து வச்சு. கருவாட்டக்கூட ஐயாவே வாங்கிக் குடுத்துடறேங்கறாரு. எவ்ளோ பெரிய மனசு பாரு."

"வறுக்கலைன்னா?"

"வறுக்கற ஆளுக்கு வீட்டக் குடுத்துடுவாரு. ஊர்லருந்து மச்சினன் வர்றாருன்னு சொல்லுவாரு."

முகிலன் ஜூஸைத் தொடாமல் எழுந்து நேராக சிவகிருபாவுக்குப் போனான். தமயந்தி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மூக்கு, மாதிரி, பொருத்தம், கூடத்தில் நடந்த பேச்சு, திறந்த மனது. அக்கா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"இது உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"நீ பால் காய்ச்சறதுக்கு முன்னாடியே."

"அந்தாளு படியில நின்னு கத்தறப்ப தெரியும்."

"தெரியும்."

"நான் கையக் கைய மோந்து பார்த்துட்டிருந்தப்ப."

அவள் நறுக்கிய காயை அள்ளிக் கொதிக்கும் பருப்பில் போட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

கதவு தட்டப்பட்டது. பர்வதம்மா நின்றார். ஒரு கையால் முந்தானையை மூக்கில் அழுத்தியிருந்தார். மறு கையில், முடிந்த அளவு தள்ளிப் பிடித்தபடி, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"அவரு குடுத்தனுப்பினாரும்மா" என்றார். தரையைப் பார்த்துச் சொன்னார்.

தமயந்தி பொட்டலத்தைப் பார்த்தாள். கருவாட்டு எண்ணெய் கசிந்து, செய்தித்தாளில் யாரோ ஒரு மாப்பிள்ளையின் முகம் ஊறிப்போயிருந்தது.

"அத வெளியவே வச்சுடுங்கம்மா. எங்க வீட்டுல அந்த வாடை ஆகாது."

பர்வதம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, பொட்டலத்தைப் படிக்கட்டில் வைத்தார். மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார். உள்ளே பருப்பும் பெருங்காயமும் முருங்கைக்காயுமாகச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"சாப்டீங்களாம்மா?" என்றாள் தமயந்தி.

"அந்தச் சமையல்கட்டுல நின்னா எனக்கு எங்க எறங்குது?"

"வந்து உட்காருங்க."

தமயந்தி முகிலனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். பர்வதம்மா உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்கினார். கீழே சிவப்பிரகாசம் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. பர்வதம்மா எழுந்திருக்கவில்லை.

அவர் போன பிறகு தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "இங்க இனி எத்தன நாளு விடப்போறான். உன் வெப்சைட்டுலயே வேற வீடு பாப்போம். எனக்குத்தான் பக்கம் பக்கமா வருமே" என்றாள்.

திறந்தாள். போனின் முதுகில் கடுகு அளவு மூக்கு, அந்த வீட்டை ஒரு முறை மோந்து பார்த்தது. பருப்பு, பெருங்காயம், ஊதுவத்தி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. திரையில் பிள்ளையார் வந்தார், பிள்ளையாரைவிடப் பெரிதாகத் தணிகாசலம் வந்தார். அவர்களுக்குக் கீழே ஒரே ஒரு வரி.

தற்போது வீடுகள் எதுவும் காலியில்லை. தங்கள் வருகைக்கு நன்றி.

அதற்கும் கீழே, கூப்பிய கைகள்.

தமயந்தி அதை இரண்டு முறை படித்தாள். போனை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"மரியாதையாத்தான் எழுதியிருக்க" என்று சொல்லிவிட்டு, அவன் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.